பழைய ஸ்போர்ட்ஸ் காரின் கதவு, பானெட், தகடுகளில் எடை குறைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் செகாம்புட், சான் சோ லின் பக்கம் பட்டறைகளில் நின்று பேசும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. உதாரணத்துக்கு டட்சன் 240இசட்டை எடுத்துக்கொள்கிறேன். 1969 கடைசியில் வந்த கார்; 2,393 சிசி, ஆறு சிலிண்டர், எடை ஒரு டன்னைச் சற்றே தாண்டும். எம்ஜிபி, பழைய போர்ஷ 911, ஆல்ஃபா கூப்பே வைத்திருப்பவர்களுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும். சாலையில் ஓடும் காரை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். பந்தயத்துக்கென்றே ஒதுக்கிய காருக்குக் கணக்கு வேறு, அதை ஆங்காங்கே சொல்கிறேன்.

முப்பது கிலோ குறைத்தால் ஓட்டும்போது தெரியுமா?

தெரியும், ஆனால் எந்த இடத்திலிருந்து குறைத்தீர்கள் என்பதைப் பொறுத்து. 1,050 கிலோ காரில் 30 கிலோ என்பது மூன்று சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. 151 குதிரைத்திறன் இன்ஜினில் நாலு குதிரைத்திறன் கூட்டியது போலத்தான். இன்ஜினில் கூட்டியது ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது மட்டும் உதவும். எடையில் குறைத்ததோ பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் டயர் தேயும்போதும் உதவும். செப்பாங் பந்தயத் தடத்தில் நீண்ட நேர்பாதையின் முடிவில் முதல் வளைவுக்குப் பிரேக் அழுத்தியவருக்கு இது காலிலேயே தெரியும்.

இடம் ஏன் முக்கியம்? கார் திரும்பும்போது அதன் நடுப்புள்ளியிலிருந்து தூரத்தில் இருக்கும் எடைதான் அதிகம் முரண்டு பிடிக்கும், அதுவும் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப. நடுவிலிருந்து 1.8 மீட்டரில் முன் பம்பரில் இருக்கும் 5 கிலோவும், 0.6 மீட்டரில் கதவில் இருக்கும் 5 கிலோவும் ஒன்றல்ல. திரும்பும் விஷயத்தில் பம்பர் கிலோ ஒன்பது மடங்கு கனம். அதனால் என் வரிசை இது: முதலில் பம்பரும் அதன் தாங்கிகளும், அடுத்து பானெட், பின்கதவு, மட்கார்ட் உள்பக்கம். கதவு அதற்குப் பிறகுதான். பலர் கதவிலிருந்து தொடங்குகிறார்கள், ஏனென்றால் திறந்து மூடும்போது அதன் கனம் கைக்குத் தெரிகிறது.

அண்ணே, அப்போ கதவைத் தொடவே வேண்டாமா?

தொடலாம் தம்பி. இரண்டு கதவு இருக்கிறது, இரண்டிலும் தேவையில்லாத சுமை இருக்கிறது. ஆனால் முதலில் நிறுத்துப் பாருங்கள். கதவைக் கழற்றி அப்படியே தராசில் வைத்தால் ஒரே ஒரு எண் கிடைக்கும், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. உள்ளே இருப்பதைத் தனித்தனியாகக் கழற்றுங்கள்: கண்ணாடி, கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொறி, பூட்டு, கைப்பிடி, உள்பக்க அட்டை, ஸ்பீக்கர், பிற்பாடு யாரோ போட்ட பவர் விண்டோ மோட்டார், அலாரம் வயர். விமானப் பயணத்துக்குப் பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசு போதும். ஒவ்வொன்றையும் நிறுத்து ஒரு தாளில் எழுதுங்கள்.

அந்தத் தாளைப் பார்த்தாலே வேலை பாதி முடிந்த மாதிரி. பின்னாளில் சேர்த்த ஸ்பீக்கரும் மோட்டாரும் வயரும் சேர்ந்து எவ்வளவு என்று பார்த்துவிட்டு, பழைய கைச்சுழற்றி விண்டோவுக்குத் திரும்பியவர்கள் உண்டு. கார் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது எப்படி இருந்ததோ அந்த நிலைக்குக் கொண்டுபோவதுதான் மிக மலிவான எடைக்குறைப்பு.

நல்ல தகட்டை வெட்டாமல், பகுதி மாற்றாமல், எங்கே கனத்தைக் குறைக்கலாம்?

இதைத்தான் நான் எல்லோரிடமும் வலியுறுத்துவேன். நம் ஊரில் ஐம்பது வருடம் ஓடிய கார் எதுவும் அதன் சொந்த எடையில் இல்லை. மழைக்குத் துருப்பிடித்த கதவின் அடிப்பகுதியை வெட்டாமல், அதன் மேலேயே ஒரு தகட்டை வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். பத்து வருடம் கழித்து அதற்கு மேல் இன்னொன்று. அதன் மேல் புட்டி (பள்ளம் நிரப்பும் பசை), அதற்கு மேல் நாலைந்து தடவை அடித்த பெயின்ட். ஒரு சின்ன காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவின் மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டே வாருங்கள். நடுவில் நன்றாக ஒட்டும். கீழே வர வரப் பிடி தளரும், ஓரிடத்தில் சட்டென்று விழும். விழுந்த இடம் புட்டி. சக்கரத்துக்கு மேலுள்ள வளைவிலும், கதவுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் உள்ள கீழ்மூலையிலும் இதையே செய்யுங்கள். 240இசட்டில் அந்தக் கீழ்மூலை துருவுக்குப் பேர்போன இடம்.

புட்டியைச் சுரண்டி, துருத்தகட்டை வெட்டி, புதிய தகட்டை விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பற்றவைத்து, நல்ல தகடு தட்டுபவர் கையால் நேராக்கினால் இரண்டு பலன். கார் உறுதியாகிறது, கிலோ கணக்கில் இறங்குகிறது. எவ்வளவு புட்டி போட்டிருந்தார்கள் என்று தெரிந்துகொள்ள, சுரண்டி எடுத்ததை ஒரு வாளியில் சேர்த்து நிறுத்துப் பாருங்கள்.

அடுத்தது தார் பட்டை. தரையிலும் கதவின் உள்பக்கத்திலும் சத்தம் அடக்க ஒட்டிய கறுப்புப் பட்டைகள். வயதானால் வெடித்து, அடியில் ஈரத்தைப் பிடித்துவைத்துத் துருவை வளர்க்கும். டிரை ஐஸ் (உறைந்த கரியமில வாயு) வாங்கி உடைத்து, பட்டையின் மேல் பரப்பிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருங்கள். மைனஸ் 78 டிகிரிக் குளிர் பட்டையைக் கண்ணாடி மாதிரி உடையக்கூடியதாக்கிவிடும். ரப்பர் சுத்தியலால் தட்டினால் துண்டு துண்டாகக் கிளம்பும். தடித்த கையுறை கட்டாயம். மூடிய அறையில் செய்யவே வேண்டாம். டிரை ஐஸ் ஆவியாவது முழுக்கக் கரியமில வாயுதான், மூச்சடைக்கும்.

கதவில் எல்லாவற்றையும் எடுத்துவிடாதீர்கள். வெளித்தகட்டின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு துண்டு ப்யூட்டில் (ஒட்டும் ரப்பர்) பட்டை திரும்ப ஒட்டுங்கள். தகடு அதிர்வது நடுவில்தான், அங்கே கொஞ்சம் கனம் இருந்தாலே கதவு தகர டப்பா போலச் சத்தம் போடாது.

கதவின் உள்தகட்டில் ஓட்டை போட்டால்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 0.8 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் 50 மில்லிமீட்டர் வட்டம் ஒன்றை வெட்டி எடுத்தால் போகும் எடை சுமார் 12 கிராம். இருபது ஓட்டை போட்டால் கால் கிலோ. அந்தக் கால் கிலோவுக்காக பெயின்ட் இல்லாத இருபது விளிம்புகளைத் துருவுக்குத் திறந்துவிடுகிறீர்கள், அதுவும் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில். ஓட்டையின் விளிம்பை உள்பக்கம் மடித்து அழுத்தும் அச்சு இருக்கிறது, அப்படிச் செய்தால் தகட்டின் விறைப்பு ஓரளவு திரும்பும். பந்தயக் காரில் ஏற்கெனவே எல்லாம் குறைத்தாகிவிட்டது, இதுதான் மிச்சம் என்றால் செய்யலாம். சாலைக் காரில் நான் செய்ய மாட்டேன்.

உள்பக்க அட்டையைக் கழற்றிவிட்டேன். இப்போது மழை பெய்தால் கால் நனைகிறதே, ஏன்?

அட்டைக்குப் பின்னால் இருந்த பிளாஸ்டிக் ஷீட்டைத் தூக்கிப் போட்டிருப்பீர்கள். பலர் அதைப் பேக்கிங் குப்பை என்று நினைத்துவிடுகிறார்கள். கார் கதவு தண்ணீர் புகாத பெட்டி கிடையாது. கண்ணாடியை ஒட்டி வழியும் மழை கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். உள்ளே ஓடி, அடிவிளிம்பில் இருக்கும் சின்னத் துவாரங்கள் வழியாக வெளியே போக வேண்டும். அந்த ஷீட்தான் தண்ணீரைக் காருக்குள் வரவிடாமல் கதவுக்குள்ளேயே திருப்பிவிடுகிறது. அது இல்லையென்றால் தண்ணீர் கம்பளத்தில் இறங்கி, தரைத்தகட்டைத் தின்றுவிடும். தடித்த பாலித்தீனை அளவாக வெட்டி, ப்யூட்டில் கயிறு வைத்து ஓரம் முழுக்க ஒட்டுங்கள். எடை நூறு இருநூறு கிராம்தான். அதே சமயம் ஒரு கம்பியால் அடித்துவாரங்களைக் குத்திச் சுத்தம் செய்யுங்கள். பழைய கதவுகளில் பாதிக்கு மேல் பெயின்டும் மண்ணும் அடைத்துத்தான் கிடக்கும்.

அட்டை விஷயத்துக்கு வருவோம். அந்தக்கால அழுத்த அட்டை நம் ஈரப்பதத்தில் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். 3 மில்லிமீட்டர் அட்டை ஒரு சதுர மீட்டருக்கு மூன்று கிலோ பக்கம் வரும். 2 மில்லிமீட்டர் ஏபிஎஸ் பிளாஸ்டிக் இரண்டு கிலோ பக்கம்தான், ஈரத்துக்கும் அசையாது. மேலே மெல்லிய வினைல் ஒட்டினால் பழைய தோற்றமே வந்துவிடும்.

கைப்பிடிக்கும் கை வைக்கும் திண்டுக்கும் பதில் ஒரு பட்டை, பூட்டைத் திறக்க ஒரு கயிறு: இது 1973 போர்ஷ 911 கரேரா ஆர்எஸ் லைட்வெயிட் ரகத்தில் வந்தது. அந்தக் காரின் எடை 960 கிலோ, அதே காரின் டூரிங் ரகம் 1,075. மெல்லிய தகடு, மெல்லிய கண்ணாடி, கதவில் பட்டையும் கயிறும், இப்படிச் சின்னச் சின்னதாகச் சேர்ந்துதான் அந்த 115 கிலோ வித்தியாசம். எனக்கு மிகவும் பிடித்த எடைக்குறைப்பு இந்தக் கயிறுதான். எதையும் வெட்டவில்லை, நாளைக்கே பழையபடி மாற்றலாம்.

கதவில் எதைக் கட்டாயம் தொடக் கூடாது?

மூன்று இடம். கீல் பிடிக்கும் முன் விளிம்பும் அதன் உள்பட்டையும், பூட்டு உட்காரும் பின் விளிம்பு, இரண்டுக்கும் நடுவே ஓடும் பக்கமோதல் குழாய் அல்லது பட்டை. அமெரிக்காவில் கதவின் பக்க வலிமைக்கான விதி 1973 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதை ஒட்டித் தயாரித்த கார்களில் கதவுக்குள் இந்த உறுப்பு இருக்கும். கனமானதுதான், கழற்றினால் தராசில் நல்ல எண் வரும். அதனாலேயே ஆசை வரும்.

பழைய ஸ்போர்ட்ஸ் காரில் உங்கள் தோளுக்கும் வெளியே வரும் வண்டிக்கும் நடுவில் இருப்பது ஒரு சாண் கதவு. ஃபெடரல் நெடுஞ்சாலையில் பக்கத்துப் பாதையில் வருவது இரண்டு டன் பிக்கப். அந்தக் காலத்தில் வந்தது டட்சன் 120ஒய் மாதிரி ஒரு சின்னக் கார். இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

பந்தயக் காரில் முழு ஃபைபர் (கண்ணாடிநார்) கதவே போடுகிறார்களே?

போடுகிறார்கள். 1967-இல் போர்ஷ 911ஆர் காருக்கே ஃபைபர் கதவும் பிளாஸ்டிக் கண்ணாடியும்தான். பத்து தீகா சர்க்யூட் இருந்த காலத்தில் பந்தயம் பார்க்கப் போனவர்கள் அப்படிப்பட்ட கார்களைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். இன்றைக்குப் பந்தயக் காரில் ஃபைபர் கதவு போட்டால், கதவு செய்த வேலையைப் பக்கவாட்டுக் குழாய்கள் உள்ள ரோல் கேஜ் (ஓட்டுபவரைச் சுற்றி அமைக்கும் இரும்புக் குழாய்க் கூண்டு) செய்ய வேண்டும்.

கேஜின் கணக்கையும் பார்த்துவிடுங்கள். 38 மில்லிமீட்டர் விட்டம், 2.5 மில்லிமீட்டர் சுவர் கொண்ட இரும்புக் குழாய் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 2.2 கிலோ. பதினைந்து மீட்டர் போட்டாலே 33 கிலோ. இரண்டு கதவிலும் மிச்சம் பிடித்தது அதிலேயே போய்விடும். பந்தயக்காரர் கேஜை எப்படியும் போட்டாக வேண்டும், ஆகவே அவருக்கு ஃபைபர் கதவு லாபம். சாலையில் ஓட்டுபவருக்கு நட்டம். அதோடு ஹெல்மெட் இல்லாத தலைக்குப் பக்கத்தில் இரும்புக் குழாய் இருப்பது சின்ன மோதலையும் பெரிதாக்கிவிடும்.

கதவின் வெளித்தகட்டை மட்டும் அலுமினியத்தில் மாற்றலாமா?

இது மரியாதையான வழி, பெரிய கம்பெனிகளே செய்தது. 1965-இல் வந்த ஆல்ஃபா ஜூலியா ஜிடிஏ வெளித்தகடுகளை அலுமினியக் கலவைக்கு மாற்றியது. மற்றக் குறைப்புகளோடு சேர்த்து, சாதாரண ஜிடியைவிட ஏறத்தாழ 200 கிலோ குறைவு. பிஎம்டபிள்யூ 3.0 சிஎஸ்எல் காருக்கு கதவு, பானெட், பூட் மூடி மூன்றும் அலுமினியம். எம்ஜிபியின் ஆரம்பகால பானெட்டும் அலுமினியம்தான். உங்களிடம் இருப்பது அதுவா என்று காந்தத்தை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

கதவு வெளித்தகடு 0.8 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 0.8 மில்லிமீட்டர் இரும்பில் 5 கிலோ. அலுமினியம் இரும்பில் மூன்றில் ஒரு பங்கு எடைதான், ஆனால் விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் 1.2 மில்லிமீட்டராவது வேண்டும். அப்போது 2.6 கிலோ. ஒரு கதவுக்குச் சுமார் 2.4 கிலோ லாபம். கைதேர்ந்தவர் கூலியை வைத்துப் பார்த்தால் விலை அதிகமான கிலோ. பானெட்டில் இதே வேலையைச் செய்தால் நாலரைக் கிலோ போகும், அதுவும் மூக்கிலிருந்து.

இன்னொரு சிக்கல் நம் காற்று. அலுமினியமும் இரும்பும் நேரடியாகத் தொட்டுக்கொண்டு நடுவில் ஈரம் இருந்தால், அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்கள் மானேஜர் ஓட்டிய லேண்ட் ரோவரைப் பார்த்திருப்பீர்கள். அலுமினிய உடம்பு, இரும்புச் சட்டம். இரண்டும் சேரும் இடங்களில் மட்டும் பெயின்ட் கொப்பளித்து நிற்கும். அதுதான் இது. கதவில் வெளித்தகட்டை உள்சட்டத்தின் விளிம்பில் மடித்து அழுத்துவார்கள், அந்த மடிப்புக்குள் தண்ணீர் தங்கும். மடிப்பதற்கு முன் இரண்டு பக்கமும் எபோக்ஸி பிரைமர், நடுவில் சீலன்ட் அல்லது பேனல் பசை, எங்கேயும் உலோகத்தோடு உலோகம் படக் கூடாது. ஸ்க்ரூ போடும் இடத்தில் நைலான் வாஷர். இதைச் சொன்னதும் "அதெல்லாம் வேண்டாம் போஸ்" என்று சொல்லும் பட்டறையில் அலுமினிய வேலையைக் கொடுக்காதீர்கள்.

ஃபைபர் பானெட் வாங்கலாமா, செய்யச் சொல்லலாமா?

சாலைக் காரில் எனக்குப் பிடித்த மாற்றம் இது. எடை மூக்கில் குறைகிறது, பழைய பானெட்டைப் பத்திரமாக எடுத்து வைக்கலாம், எப்போது வேண்டுமானாலும் திரும்பப் போடலாம். வாங்கும் முன் புரட்டிப் பாருங்கள். அடியில் விலா போல சட்டம் இருக்கிறதா? கீலும் பூட்டும் வரும் இடத்தில் இரும்புத் தகடு பதித்திருக்கிறார்களா? இல்லையென்றால் அது கீல் இல்லாமல் நான்கு பூட்டு ஊசி (பானெட் பின்) போட்டுத் தூக்கி வைக்கும் பந்தயப் பானெட்.

240இசட்டின் பானெட் முன்பக்கம் கீல் உள்ளது. பூட்டு கழன்றாலும் காற்று அதைக் கீழே அழுத்தும். எம்ஜிபி போலப் பின்பக்கம் கீல் உள்ள காரில் அப்படி இல்லை. காராக் நெடுஞ்சாலை வேகத்தில் பூட்டு விட்டால் பானெட் நேராக முன்கண்ணாடிக்கு வரும். அங்கே ஃபைபர் போட்டால் முன்னால் இரண்டு பூட்டு ஊசி கட்டாயம். இன்னொன்று: பழைய பானெட்டின் கனத்துக்கு ஏற்ற ஸ்பிரிங்கை அப்படியே விட்டால், அது மெல்லிய ஃபைபரை நாளடைவில் வளைத்துவிடும். ஸ்பிரிங்கைத் தளர்த்துங்கள், அல்லது எடுத்துவிட்டு ஒரு முட்டுக்கம்பி வையுங்கள்.

இங்கேயே செய்யச் சொன்னால், படகு செய்யும் ஃபைபர் ஆட்களுக்கு வேலை நன்றாகத் தெரியும். ஆனால் படகுத் தடிமனில் செய்துவிடுவார்கள், அப்புறம் இரும்பின் எடையே வந்துவிடும். எத்தனை அடுக்கு என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். 30 டிகிரிக்கு மேல் வெயிலில் ரெசின் (நாரைப் பிடிக்கும் பிசின்) சீக்கிரம் இறுகிவிடும். அதை இறுக வைக்கும் ஹார்டனரைக் குறைத்து, காலையில் செய்வது நல்லது. செய்து முடித்த பானெட்டைச் சில வாரம் வெயிலில் கிடக்க விட்டுப் பிறகு பெயின்ட் அடியுங்கள். அவசரப்பட்டால் நார் நெசவு பெயின்டின் மேல் தடமாகத் தெரியும்.

கார்பன்?

இன்னும் இலேசு, இன்னும் விறைப்பு, இன்னும் பல மடங்கு விலை. மேலே ஒரே ஒரு கார்பன் அடுக்கு, அடியில் முழுக்க ஃபைபர் என்று விற்பது நிறைய. விலை கொடுக்கும் முன் தராசில் வைக்கச் சொல்லுங்கள்.

கதவுக் கண்ணாடியைப் பாலிகார்பனேட்டில் (கண்ணாடி போன்ற தெளிவான பிளாஸ்டிக்) மாற்றலாமா?

4 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்கு 10 கிலோ, அதே தடிமன் பாலிகார்பனேட் 4.8 கிலோ. கதவுக் கண்ணாடி 0.35 சதுர மீட்டர் என்றால் ஒன்றுக்கு 1.8 கிலோ மிச்சம். உயரத்தில் இருக்கும் எடை என்பதால் அது நல்ல இடம்தான். ஆனால் ஏற்றி இறக்கும் ஜன்னலில் இதைப் போட்டால், ஜன்னல் ஓர ஃபெல்ட் பட்டையில் சிக்கிய மண் சீக்கிரமே கோடு கோடாகக் கீறிவிடும். பந்தயக் காரில் அசையாமல் பொருத்தி, நடுவில் ஒரு சின்ன நகரும் துண்டு வைப்பார்கள். அப்படி வைத்துக்கொண்டு டோல் சாவடியில் டச் அண்ட் கோ கார்டை நீட்டிப் பாருங்கள், மதிய வெயிலில் ஜாலான் ஈப்போ நெரிசலில் நின்றும் பாருங்கள்.

அசையாத பின்பக்க ஓரக் கண்ணாடிக்கு இது ஏற்றது. கடினப்பூச்சு உள்ள ரகமாக வாங்குங்கள். வெயிலில் ஒரு மீட்டர் பாலிகார்பனேட் 40 டிகிரி சூடேறினால் இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும். ஸ்க்ரூ துளைகளைப் பெரிதாகப் போட்டு ரப்பர் வாஷர் வையுங்கள், இறுக்கினால் மூலையில் வெடிக்கும். அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானும் பெட்ரோலும் அருகில் வரக் கூடாது. முன்கண்ணாடியை மட்டும் மாற்றாதீர்கள், அது அடுக்குக் கண்ணாடியாகவே இருக்கட்டும்.

ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை), புஸ்பாகோம் (வாகனச் சோதனை நிறுவனம்), இன்சூரன்ஸ் பக்கம் என்ன சொல்வார்கள்?

ஸ்பீக்கரை எடுப்பது, அட்டையை மாற்றுவது, துருவை வெட்டி அசல் வடிவுக்குக் கொண்டுவருவது இவை பராமரிப்பு. உடல்கட்டமைப்பை மாற்றுவது வேறு. அதற்கு வேலை தொடங்கும் முன்பே ஜேபிஜேயில் கேட்டு அனுமதி வாங்குங்கள். காரைக் கைமாற்றும்போது புஸ்பாகோம் சோதனையில் மாட்டினால் செலவு இரட்டிப்பாகும். இன்சூரன்ஸுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள், முன்னும் பின்னும் எடுத்த படங்களோடு. சாலை வரி குறையுமா என்று கேட்பவர்களுக்கு: தனியார் காருக்கு அது இன்ஜின் சிசியை வைத்துத்தான், எடையை வைத்து அல்ல.

பழைய கார் பந்தயங்களில் உலக அளவில் ஓட்டும் எண்ணம் இருந்தால் இன்னும் கவனம். உலகக் கார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ விதிப்படி, அந்த மாடல் அந்தக் காலத்தில் எந்தப் பொருளில் ஓடியதோ அதே பொருளில்தான் தகடுகள் இருக்க வேண்டும்.

கழற்றிய அசல் பானெட், கதவை என்ன செய்வது?

பழைய இரும்புக் கடைக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள். அசல் தகடு இப்போது கிடைப்பதில்லை, காரை விற்கும் நாளில் அதன் விலை தெரியும். சிமெண்டுத் தரையில் படுக்க வைத்தால் அடியில் ஈரம் ஏறும், மேலே யாராவது பெட்டியை அடுக்குவார்கள். மடிப்புகளிலும் சட்டத்துக்கு உள்ளேயும் மெழுகு எண்ணெய் அடித்து, பழைய பருத்திப் போர்வையால் சுற்றி, சுவரில் திண்டு வைத்த கொக்கியில் நிற்கும் வாக்கில் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் உறையால் கட்டி மூட வேண்டாம், உள்ளே வேர்க்கும். கீல், போல்ட், ஷிம் (கீலுக்கு அடியில் வைக்கும் மெல்லிய தகடு) எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, இடதா வலதா என்று எழுதி அந்தந்தக் கதவிலேயே கட்டிவிடுங்கள். ஷிம் எத்தனை, எந்தக் கீலுக்கு என்பதையும் குறித்துவையுங்கள், திரும்பப் போடும்போது கதவின் இடைவெளி சரியாக வருவது அதை வைத்துத்தான்.